விருச்சிகத்துக்கு மட்டும்

ஆனைக்குட்டம் மகேஷ்குமார் நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்கிறவன். அப்படித்தான் அவன் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான். சித்தப்பா மகள் கல்யாணத்தில் சோறு பத்தாமல் போனபோது, "அடுத்த பந்திக்குத்தான் நெய்ப் பாயாசம்" என்று கிளப்பிவிட்டு, முண்டியடித்த கூட்டத்தைத் தானாகவே ஒதுங்கி நிற்க வைத்தான். அதற்குள் இரண்டாவது உலை கொதித்துவிட்டது. தன் பொய்யால் இதுவரை யாரும் கெட்டுப்போகவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. தினசரித் தாளில் தேதிக்குக் கீழே ராசிக்கு ஒரு சொல் இருக்குமே, மேஷம் அமைதி, ரிஷபம் செலவு என்று, அதை ஜோசியர் அனுப்புவார், இவன் அடித்துக் கோர்ப்பான். ஊர் உலகத்தின் தலையெழுத்தை அடித்து அடித்து அவனுக்குக் கழுத்துவலிதான் மிச்சம்.

அவனுடைய கூட்டாளி வெள்ளைத்துரையோ அந்தச் சொல்லைப் பார்க்காமல் செருப்பு மாட்ட மாட்டான். விருச்சிக ராசி. 'அலைச்சல்' என்று இருந்தால் அன்றைக்கு டீக்கடைக்குக்கூடப் போக மாட்டான். தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை, சம்சாரம் பாண்டிலட்சுமி, ஒரு வாடகை வீடு, ஆணியில் ஒரு காலண்டர்.

ஆவணி பிறந்து பட்டாசு சீசன் சூடு பிடித்த நேரம். ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாமல் ஒருத்தன் தகர ஷெட் போட்டிருந்தான். ஃபேன்சி வெடிக்கு மருந்து செலுத்த ஆள் வேண்டும், கூலி இரண்டு மடங்கு. "தீவாளி வரைக்கும் அங்கன போலாம்னு இருக்கேம்லே" என்றான் வெள்ளைத்துரை.

அந்த மாதிரி ஷெட்டுகளிலிருந்து ஆம்புலன்ஸ் போகிற சத்தம் அந்தப் பக்கத்தில் எல்லோர் காதுக்கும் பழக்கம். போகாதே என்று சொல்ல மகேஷ் வாயெடுத்தான். சொல்லி, அவன் சிரித்துவிட்டு, "பயந்தாங்கொள்ளி" என்று கிளம்பிப் போய்விட்டால்? அதற்கப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? அதனால், "நாள் பாத்துப் போலே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

மறுநாள் கம்பெனியில் சாம்பிள் அடிக்கிற சின்ன மெஷினில், ஆவணி முதல் ஐப்பசி வரை ஒரே ஒரு காலண்டர் அடித்தான். விருச்சிகத்தை மட்டும் மாற்றினான். பழையதில் தப்பு இருப்பதாகவும் இது திருத்தியது என்றும் சொல்லி, தானே வெள்ளைத்துரை வீட்டு ஆணியில் மாட்டினான். டீக்கடைக் காலண்டர் வேறு மாதிரி சொல்லுதே என்று கேட்டதற்கு, "அது வேற ஜோசியர்லே, கைராசி இல்லாதவரு" என்றான்.

வேலை செய்தது. 'சந்திராஷ்டமம்', 'விபத்து', 'எச்சரிக்கை', மறுபடி 'சந்திராஷ்டமம்'. வெள்ளைத்துரை ஷெட் பக்கமே தலை வைக்கவில்லை.

"சந்திராஷ்டமம் ரெண்டு நாள், மூணு நாள்தான வரும்? நெலா என்ன நம்ம வீட்டு மேலயே கூடாரம் போட்டிருச்சா?" என்று கேட்டான் வெள்ளைத்துரை.

"அது இந்த வருசம் அப்படித்தாம்லே" என்றான் மகேஷ், முகம் மாறாமல்.

இதோடு விட்டிருந்தால் புண்ணியவான். பீரோ தூக்க ஆள் தேவைப்பட்ட நாளில் விருச்சிகத்துக்கு 'உதவி' என்று போட்டிருந்தான். தன் பிறந்தநாளுக்கு 'விருந்தளித்தல்'. வெள்ளைத்துரை பீரோவும் தூக்கினான், பரோட்டாவும் வாங்கித் தந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மகேஷின் போனில் ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பார்கள். மகேஷ் அடியில் ஓடுகிற இங்கிலீஷைப் படித்துக் கதை சொல்வான். அதில் சாம்பல் கோட்டுக்காரன் ஒருவன். நல்லவனா கெட்டவனா என்று யாருக்கும் தெரியாது. சண்டைக்குப் போகத் துடிக்கிற நண்பனிடம் சண்டையே முடிந்துவிட்டது என்று புளுகி ஊருக்கு அனுப்பிவிடுகிறான்.

"கூட்டாளிகிட்ட ஏம்லே பொய் சொல்றான்?"

"காப்பாத்தத்தான்."

"அப்பறம் ஏன் சிரிக்கான்?"

மகேஷ் போனை அணைத்துவிட்டான். சார்ஜ் இல்லை என்றான். எழுபது சதவீதம் இருந்தது. உண்மையைச் சொன்னால் முடிவு நண்பன் கைக்குப் போய்விடும். அதைக் கொடுக்க அந்தக் கோட்டுக்காரனுக்கு மனசில்லை. கயிறு தன் கையில் இருக்கிற சுகம் வேறு. மகேஷுக்கு அது நன்றாகவே தெரியும், அதனால்தான் எரிச்சல் வந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் காலை வடை வாங்கிக்கொண்டு போனான். வெள்ளைத்துரை கட்டிலில் கால் மேல் கால் போட்டுக் கிடந்தான். பாண்டிலட்சுமியைக் காணோம்.

"தங்கச்சி எங்கலே?"

"ஷெட்டுக்குப் போயிருக்கா."

"எந்த ஷெட்டு?"

"அந்தக் காட்டு ஷெட்டுதான். எனக்குத்தான் நேரம் சரியில்ல. அவளுக்கு மிதுனம், இன்னைக்குத் 'தனவரவு'ன்னு போட்டிருக்கு. வர்ற வேலைய ஏன் விடணும்?"

மகேஷ் காலண்டரைப் பார்த்தான். மிதுனம், தனவரவு. ஜோசியர் அனுப்பியது, அவனே அடித்தது. மற்ற பதினொரு ராசியிலும் அவன் கையே வைக்கவில்லை. வடைப் பொட்டலத்தை எங்கே வைத்தான் என்று அப்புறம் அவனுக்கு நினைவில்லை.

"ஏலே, இந்தக் காலண்டர் பொய்லே. ஒனக்கு மட்டும் நான் அடிச்சது. சந்திராஷ்டமமெல்லாம் நான் போட்டது."

வெள்ளைத்துரை எழுந்து உட்கார்ந்தான். கோபம் வரும் என்று மகேஷ் காத்திருந்தான். அவனோ யோசித்துவிட்டு, "அப்ப தனவரவு?" என்றான். "அது ஜோசியர் போட்டது." "அப்ப அது நெசந்தான" என்று மறுபடி சாய்ந்தான்.

மகேஷுக்கு அழுகை வந்துவிட்டது. "நெசமோ பொய்யோ எனக்குத் தெரியாதுலே. அந்த ஷெட்டு வெடிச்சா அவ செத்துருவா. நீ போயிருந்தா நீ செத்திருப்ப. எனக்குப் பயமா இருந்துச்சு. சொன்னா நீ கேக்க மாட்டேன்னு இப்படிப் பண்ணிட்டேன்."

"நீ எப்பலே சொன்ன, நான் கேக்காமப் போறதுக்கு?" வெள்ளைத்துரை சட்டைகூடப் போடாமல் வண்டியில் ஏறினான். மகேஷ் பின்னால் ஏறிக்கொண்டான்.

பொறி பறந்துவிடக் கூடாதென்று வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, நடந்து போய்க் கூப்பிட்டார்கள். பாண்டிலட்சுமி வெளியே வந்தாள், முழங்கை வரை சாம்பல் நிற மருந்து. உங்க அம்மாவுக்கு மேலுக்கு முடியலை என்று சொல்ல மகேஷுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னான்.

அவள் கேட்டபடியே முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். புருசனைப் பார்த்து, "வாங்க, போவோம்" என்றாள். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உள்ள ஆவுடைத்தாய் மயினி இருக்காக. கருப்பம்மா இருக்கா. முத்துமாரி முழுகாம இருக்கா. அவுகளுக்கெல்லாம் என்னண்ணே போட்டிருந்தீக?"

மகேஷ்குமார், மருந்து கிடக்கிற தரைக்கு ஆகாதென்று செருப்பைக் கழற்றிப்போட்டு, அவர்களையும் வெளியே கூப்பிட அந்தத் தகரக் கதவைப் பார்த்து நடந்தான்.