கிழ எலிக்குள் துள்ளும் மரபணு

சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றியே ஆயுளைக் கழிக்கும் பிழைப்பு எங்களுடையது. போர்ட் பிளேரில் ஒரு சின்ன ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். தாவும் மரபணுக்களைத் தேடுவது என் வேலை. சிரிக்காதீர்கள், தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு இன்னோர் இடத்தில் போய் உட்காரும் ஜாதி அது. நம் மரபணுத் தொகுப்பில் கிட்டத்தட்டப் பாதி இவையும் இவற்றின் மிச்சசொச்சமும்தான் என்று முதல் நாள் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சொட்டு அளக்கும் பிப்பெட்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வீங்கிய சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பஜாரின் சீனியர்

உடம்பு இந்தத் தாவும் மரபணுக்களைப் பூட்டித்தான் வைத்திருக்கிறது. வயதாக ஆகப் பூட்டு தளர்ந்து, உள்ளே இருப்பவை விழித்துக்கொள்கின்றன என்கிறார்கள். தீவு எலியிலும் அப்படித்தானா என்று பார்க்க எங்கள் ஆய்வகத்தை நடத்தும் டாக்டர் மேடம் ஆசைப்பட்டார். அதற்குக் கிழ எலியும் வேண்டும், இள எலியும் வேண்டும். ஒரு வருடம் அபர்டீன் பஜாரில் கடை கடையாகப் பொறி வைத்தேன். எலிக்கு ஆதார் கார்டு கிடையாதே, பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் வயதை மதிப்பிட வேண்டும்.

ஒரு காலை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பஜாருக்கு வந்து மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி பொறியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பூனைக்குட்டி அளவுக்கு ஒன்று.

"தங்கச்சி, நான் இந்தக் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே இது இங்க இருக்கு. பிஸ்கட்டைக்கூட கம்பெனி பார்த்துத்தான் கடிக்கும். பக்கா சீனியர், சம்பால்கே லே ஜாவ், பத்திரமா கொண்டு போ."

ஆடு ஈன்ற மத்தியானம்

இந்தத் தாவும் மரபணுக்கள் எல்லாமே குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் காலத்திலோ ஒரு வைரஸ் பாலூட்டிகளின் மரபணுவுக்குள் புகுந்து தங்கிவிட்டது. அதுவும் இந்தத் தாவும் கூட்டத்துக்குச் சொந்தம்தான். அது கொண்டுவந்த ஒரு மரபணுதான் நஞ்சுக்கொடியில் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அதைக் காட்ட மேடத்துக்கு ஆட்டின் நஞ்சுக்கொடி வேண்டியிருந்தது.

பத்துபஸ்தியில் ஆடு வளர்க்கும் ஸ்டெல்லா அக்கா தூத்துக்குடி மீனவக் குடும்பம். அவர் ஆடு குட்டி போடும்வரை ஐஸ் பெட்டியோடு கொட்டகையில் காத்திருந்தேன். இது எதற்கு என்று கேட்டார். விடுவேனா? அரை மணி நேரம் மூச்சுவிடாமல் விளக்கினேன். மனுஷிக்கும் இதே கதைதான் என்றதும் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"மாதாவே! அப்போ நான் பெத்த மூணும் வைரஸ் புண்ணியத்துலதான் பொறந்துச்சா? எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிராதீங்க, ஏற்கெனவே ஒண்ணுக்கும் அவர் சாயல் இல்லங்காரு."

தண்ணீரில் விழுந்த கோடு

விழித்த மரபணுவைக் கோடிக்கணக்கில் நகலெடுத்து ஜெல் பலகையில் ஓட்டினால் அது ஒளிரும் கோடாகத் தெரியும். எலி மாதிரிகளை இப்படிச் சோதிக்கும்போது ஒரு டியூபில் மட்டும் வெறும் தண்ணீர் வைப்போம். அதில் கோடு தெரியவே கூடாது. தெரிந்தால் எங்கேயோ அழுக்குக் கலந்துவிட்டது, மற்ற டியூப்களையும் நம்ப முடியாது. முதல் தடவை கிழ எலிகளில் கோடு பளிச்சென்று வந்தது. தண்ணீரிலும் வந்தது! இரண்டாம் தடவையும் அதே கதை. எலிகளின் கல்லீரலிலிருந்து எடுத்த சாறு இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம். அதுவும் கெட்டால் ஒரு வருடத்து எலிகளும் குப்பைக்கூடைதான் என்றார் மேடம்.

திருட்டைக் கண்டுபிடித்தவள் கூட வேலை செய்யும் ஜெயந்தி. சாறு கலக்கும் சுத்த அறையில் ஏசி கடுங்குளிர். தீவுப் புழுக்கத்திலேயே வளர்ந்த உடம்பு எனக்கு, தாங்காது. அதனால், நகலெடுத்து முடித்தவற்றைத் திறந்து பார்க்கும் அறையில் மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தேன். கோடிக்கணக்கான நகல்கள் சிதறிக் கிடக்கும் அறை அது. ஜெயந்தி என் வெள்ளைக் கோட்டின் கைப்பகுதியைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

"அக்கா, ஜீன் குதிக்கவே இல்ல. நீங்கதான் ஆராம்ஸே, சொகுசா கையில உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

கடைசிச் சொட்டு

புது வெள்ளைக் கோட்டு, பிப்பெட்டுக்குப் புது டிப், புதுத் தண்ணீர். பல் கிட்டிக்க அந்தக் குளிரில் நின்று கடைசிச் சாற்றைக் கலந்தேன். மறுநாள் மேடம் ஜெல்லுக்கு அடியில் விளக்கைப் போட்டபோது எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். தண்ணீரின் இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு! இள எலிகளில் மங்கலாக ஒரு நிழல். கிழ எலிகளில், அண்ணாச்சி கடை சீனியர் உட்பட, கோடு கொழுந்துவிட்டு எரிந்தது. கத்தியேவிட்டேன். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட 'நல்லாருக்கு' என்று சொல்லாத மேடம், குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

"லைட்டை அணைச்சிடாதே. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கறேன்."

ஐம்பது வயதில் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் எனக்குள்ளும் இந்த மரபணுக் கூட்டம் இப்போதுதான் துள்ளக் கிளம்பியிருக்கிறது என்றால், அதற்கு வருத்தப்படுவதா பெருமைப்படுவதா என்றுதான் தெரியவில்லை.