ஓக் மேசையில் விழுந்த கறுப்பு வளையம்

அம்மாவைப் பிரசவத்துக்காகக் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, என்னை அஸ்தினாபுரத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. பாப்பாவோடு வந்து கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மாவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் பயமெல்லாம் மாமாவிடம்தான். சரியாகச் சொன்னால், மாமாவின் மேசையிடம்.

மாமா இங்கிலாந்து ஓக் மரச் சாமான்களைச் சேர்ப்பவர். தாம்பரம் ரயில்வே காலனிப் பக்கம் ஆங்கிலோ-இந்தியர் யாராவது வீட்டைக் காலிசெய்துகொண்டு ஆஸ்திரேலியா போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். அப்படி வந்தவைதான் ஹாலை அடைத்துக்கொண்டிருந்த நாலு நாற்காலிகளும், ஷெல்ஃப் நிறைய மரத்தில் கடைந்த கிண்ணங்களும், அந்த மேசையும். எல்லாம் யாரோ கையால் செய்தவை. மேசையைத் தடவினால் உளி போன வழி அலை அலையாகக் கையில் தட்டுப்படும்.

“தேக்குன்னு நெனச்சுக்காதீங்க சார், இது ஓக்கு. இந்தத் தெருவுல இருக்கிற எல்லாரையும் விட இதுக்கு வயசு ஜாஸ்தி” என்பார் வருகிறவர்களிடம். ஈர டம்ளரை அதன் மேல் வைத்ததற்காக அத்தையோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்.

அன்று மத்தியானம் அத்தை கண்ணயர்ந்த நேரத்தில், கழுவிக் கவிழ்த்திருந்த இரும்பு வாணலியைத் தூக்கிவந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட மேசைமேல் வைத்துச் செம்பருத்தி இலைகளைப் போட்டுச் சமைத்து விளையாடினேன். பிறகு டிவி பார்க்கப் போய்விட்டேன். நாலு மணிக்கு வந்து வாணலியை எடுத்தால், அடியில் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்பு வளையம்.

பாவாடையால் துடைத்தேன். போகவில்லை. சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கறுப்பு இன்னும் பரவியது. ஓக் மரத்தில் ஈர இரும்பு பட்டால் இப்படித்தான் கறுக்கும் என்று இப்போது தெரியும். அப்போதோ, என்னைக் காட்டிக்கொடுப்பதற்காகவே மரம் கறுக்கிறது என்று நினைத்தேன். வளையத்தின் மேல் செய்தித்தாளை விரித்து மறைத்தேன். சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மரை வேண்டிக்கொண்டேன். அவரும் கோபக்காரர் என்பது வேண்டி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மாமா ஆபீசிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வந்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே டிவியை அணைத்தேன். கதவுக்குப் பின்னால் ஒதுங்கி, இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபேன் காற்றில் படபடத்த செய்தித்தாளை எடுத்து ஓரமாக வைத்தார். வளையம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் அத்தையைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அத்தை வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

அதற்கு மேல் என்னால் ஒளிந்திருக்க முடியவில்லை. ஓடிப்போய் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“நான்தான் அத்தை. தெரியாமப் பண்ணிட்டேன்.”

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “நீ ஒண்ணும் பண்ணலடா கண்ணு. யாரும் ஒண்ணும் பண்ணல. நமக்குக் குடுத்து வெக்கல, அவ்ளோதான்.”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். “கொழந்தைக்கு ஏதாச்சும் சாப்பிடக் குடு” என்று மட்டும் சொன்னார். நான் கண்ணைத் திறந்தபோது, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாப்பா பிறந்து சற்று நேரம்தான் மூச்சு விட்டது என்பதை, அம்மா வெறும் கையோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அன்று சாயங்காலமோ, அடி விழாமல் தப்பிய நிம்மதியில் அத்தை ஊட்டிய தயிர்சாதத்தை ஒரு வாய் விடாமல் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, ஒரு மேசை கறுத்ததற்குப் பெரியவர்கள் இவ்வளவு அழுவார்களா என்று அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.