காப்ரிஷ் வீட்டு மெட்டு

லீடியா அத்தை வாழ்நாளில் பாதிக்கு மேல் நகரத்து இசைக்குழுவில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசித்திருக்கிறாள். வயோலாக்களின் கடைசி வரிசை, ஓரத்து நாற்காலி. வயலின்களுக்குப் பாட்டு, வயோலாக்களுக்கு நடுவிலிருந்து தாளத்தைத் தள்ளுகிற வேலை. கச்சேரி முடிந்து எல்லோரும் எழுந்து நின்று வணங்கும்போது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் அவளுக்குத் தெரியும். பிறகு டிராம் பிடித்து வீட்டுக்குப் போவாள். அடுக்குமாடியில் ஒற்றை அறை. வானொலியை அணைப்பதே இல்லை. அதில் வரும் இசையை விட, இடையில் யாராவது வானிலை சொல்வதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் அந்தக் குழு வாசிக்கும் நடனத் தொகுப்பு ஒன்று உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகத் திரிந்து மெட்டுகளை எழுதிக்கொண்டு போன ஒருவர், அவற்றை நடனங்களாகக் கோத்துப் பெரிய இசைக்குழுவுக்காக எழுதியது. அதில் மெதுவாக வருவதை நகரத்தில் 'மூன்றாம் நடனம்' என்பார்கள். எங்கள் ஷாரோஷ் கிராமத்தில் அது காப்ரிஷ் வீட்டு மெட்டு.

ஷாரோஷில் மெட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நடனத்தில் ஒருவன் வாத்தியக்காரர்கள் முன்னால் போய் நின்றால், அவனுடைய மெட்டைத்தான் எடுப்பார்கள். மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கித் தரையை விட்டுக்கொடுப்பார்கள். அவன் விரலை அசைத்துக் கூப்பிடும் பெண் வந்து ஆடுவாள். கூப்பிடப்படாமல் நிற்பவளை 'கீரை விக்கிறா' என்று கேலி செய்வார்கள். ஒரு கல்யாணத்தில் வெளியூர்க்காரன் ஒருவன் தெரியாமல் காப்ரிஷ் மெட்டைக் கேட்டுவிட, பெஞ்சு பறந்து ஜன்னலை உடைத்தது.

அத்தைக்குப் பதினேழு வயதில் மிஹாய் காப்ரிஷ் அவளை அந்த மெட்டுக்குக் கூப்பிட்டான். ஒரே ஒரு தடவை. அடுத்த ஞாயிறு போர்க்காவைக் கூப்பிட்டான். அப்புறம் வேறு யாரையும் கூப்பிடவில்லை; அவளையே கட்டிக்கொண்டான். அந்த இலையுதிர் காலத்தில் அத்தை இசைப் பள்ளிக்குப் போய்விட்டாள். பிறகு அந்த மெட்டே இசைக்குழுவில் அவளைத் தேடி வந்தது. நான் ஸ்பெயினில் பழம் பறித்துக்கொண்டிருந்த நாட்களில் தொலைபேசியில் ஒரு முறை சொன்னாள்: "அதை அவன் எத்தனை தடவை ஆடியிருப்பான்? நான் எத்தனை தடவை வாசிச்சிருக்கேன்? என்னைக் கேட்டா அது என்னோடதுதான்டி."

இந்த ஆண்டு நான் ஊர் திரும்பியிருந்த சமயம், இசைக்குழு ஷாரோஷுக்கு வந்து எங்கள் ஊர் மன்றத்தில் வாசிப்பதாக ஏற்பாடாயிற்று. அத்தை ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். வந்ததும் அப்பாவிடம்தான் கேட்டாள்.

"மிஹாய்கிட்ட சொல்லிட்டியா?"

"நானா? போர்க்கா போய்ச்சேர்ந்ததிலிருந்து அவன் யார் வாசலையும் மிதிக்கல. நீயே கேளு. கேக்காம எடுத்தீங்க, அவ்வளவுதான்."

"இந்தக் காலத்துல யாரு பெஞ்சு வீசறா?"

"வீசமாட்டாங்க. எழுந்து போயிடுவாங்க. அதுக்குப் பெஞ்சே தேவலை."

நான் காரில் கூட்டிப் போனேன். மிஹாய் முற்றத்தில் தனியாகப் பிளம் பழக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, மாற்றி மாற்றிக் கிண்டுகிற பெரிய அண்டா அது.

"யாரு, லீடியாவா? நகரத்துல வெயிலே அடிக்காதா? இப்படி வெளுத்துக் கெடக்க!"

"நீ மட்டும் என்ன? கிழட்டு ஆடு மாதிரி தாடி."

"வாய் மட்டும் அப்படியே இருக்கு. இந்தா, கொஞ்சம் கிண்டு. தோள் விட்டுப்போச்சு."

அத்தை துடுப்பை வாங்கிக் கிண்டினாள். அவர் கட்டையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு வாசிக்கறோம்," என்றாள்.

"தெரியும்."

"உன் மெட்டு இருக்கு அதுல."

"அதுவும் தெரியும். எங்க தாத்தாகிட்ட எழுதிக்கிட்டுப் போனது. ரேடியோல ஒருநாள் வந்துது. தாத்தாவக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி உக்கார வச்ச மாதிரி இருந்துது."

"வாசிக்கலாமா?"

"என்னை ஏன் கேக்கற? அது என்னோடது இல்ல. போர்க்காவப் புதைக்கறப்ப வாசிக்கச் சொல்லி அவளுக்கே குடுத்துட்டேன். பொம்பளைக்கு ஏதுய்யா மெட்டுன்னாங்க. இன்னிலேருந்து உண்டுன்னேன். அவளைப் போய்க் கேளு."

துடுப்பு நின்றது.

"கிண்டு, கிண்டு. அடிப்பிடிக்கும்."

அத்தை கிண்டினாள். பிறகு அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த மெட்டுக்கு என்னையும் ஒரு தடவை கூப்பிட்டிருக்க."

"உன்னையா?" மிஹாய் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். "மழை கொட்டுச்சே, அன்னிக்கா? இல்ல, அது தச்சன் பொண்ணு. எப்ப லீடியா?"

"விடு. நானும் வேற யாரையோ நினைச்சுக்கிட்டேன்."

திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னாள். நான் காரிலேயே இருந்தேன். போன வேகத்தில் வந்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க அத்தை?"

"போர்க்கா எப்ப பேசியிருக்கா? பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான்." கதவைச் சாத்திக்கொண்டாள். "வாசிக்கறோம்னு சொல்லிட்டு வந்தேன். உன் அப்பனை விட்டு ஊர்ல சொல்லச் சொல்லு. போர்க்கா மெட்டுன்னு சொல்லணும். காப்ரிஷ்னு வேண்டாம்."

கச்சேரிக்கு மன்றம் நிறைந்திருந்தது. குழுவை நடத்துபவர் கெரெஸ்டேஷ், வெடுக்கென்று பேசுகிற நல்ல மனிதர். முதல் இரண்டு நடனங்களுக்கு மக்கள் தேவாலயத்தில் போல உட்கார்ந்து கேட்டார்கள். மூன்றாவது தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் எழுந்தது. போகப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் பெஞ்சுகளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். நடுவில் தரை காலியாயிற்று. கெரெஸ்டேஷ் கையை நிறுத்தாமலேயே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பின்வாசல் வழியாக மிஹாய் வந்தார். கறுப்பு அரைக்கோட்டு, மெருகேற்றிய பூட்சு. இசைக்குழுவின் முன்னால் வந்து நின்று, யாரும் இல்லாத பக்கமாகப் பார்த்து விரலை அசைத்தார். வலக்கையை ஒரு பெண்ணின் முதுகில் வைப்பதுபோல் காற்றில் வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்.

நகரத்து வேகம் அது; அவருடைய முழங்காலுக்குச் சரிப்படவில்லை. இரண்டாவது சுற்றில் கால் பின்னியது. ஒருத்தி விழாமல் பிடித்துக்கொள்வதுபோல் அந்தக் கையை இறுக்கினார்.

ஊர் நடனத்தில் தாளம் தள்ளுபவன் ஆடுபவனின் காலைப் பார்த்துத்தான் வாசிப்பான். அத்தை அப்படி ஒரு நாளும் வாசித்ததில்லை. அவளுக்குத் தெரிந்தது குழுவை நடத்துபவரின் கையிலிருக்கும் கோல் மட்டும். இப்போது அவள் கோலிலிருந்து கண்ணை எடுத்தாள். பூட்சு தரையைத் தொடும்வரை வில்லை இழுக்காமல் காத்திருந்தாள்.

"லீடியா, அங்க பாரு, கோலைப் பாரு!" என்று பக்கத்து நாற்காலிக்காரி சீறியது எனக்கே கேட்டது.

அவள் பார்க்கவில்லை. ஒரு கணம் எல்லாம் கலைந்துவிடும்போல இருந்தது. பின்னாலிருந்த பெரிய வாத்தியங்கள் அவளோடு சேர்ந்துகொண்டன, அப்புறம் வயலின்கள். கெரெஸ்டேஷ் முறைத்தார். பிறகு அவருடைய கோலும் அந்த வேகத்துக்கு இறங்கி வந்தது. பாரம் சுமந்து வருகிற ஒருவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவள்போல அத்தை வாசித்தாள். மிஹாய் ஒரு சுற்றையும் விடாமல் ஆடி முடித்தார்.

வழக்கப்படி முதல் வயலின்காரருக்குத் தலை வணங்கினார். கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. வந்த வழியே போனார். ஜனங்கள் தடதடவென்று பெஞ்சுகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தபோது நாலாவது நடனம் பாதி முடிந்திருந்தது.

பேருந்தில் ஏறுகையில் கெரெஸ்டேஷ் அவளை நிறுத்தினார்.

"லீடியா அம்மா, ஊர்ல போனா போகுது. நகரத்துல என்னைத்தான் பாக்கணும்."

"சரிங்க."

குளிர்காலத்தில் நகரத்தில் அந்தத் தொகுப்பை மறுபடி வாசித்தார்கள். எப்படி இருந்தது என்று தொலைபேசியில் கேட்டேன்.

"நல்லா வாசிச்சேன். கோலைப் பாத்துதான் வாசிச்சேன்," என்றாள். "அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்துல வாசிக்கற மாதிரி இருந்துது." அப்புறம், வானிலை சொல்கிறார்கள் என்று வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.