காலைல இன்னா ஆக்கினீங்க?

முதல் நாள் தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை எனக்கு வைத்த பரீட்சை ஒன்றே ஒன்றுதான். சிலேட்டையும் பலப்பத்தையும் என் பக்கம் தள்ளி, "கூள் எழுது, இங்கிலீஷ்ல" என்றார்.

கூழைத்தான் சொல்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷில் என் பெயரை எழுதுவேன், வேத வசனம் நாலைந்து எழுதுவேன். கூழை எழுதும்படி யாரும் கேட்டதில்லை. கே, ஓ, ஓ, எல் என்று எழுதிக் காட்டினேன். அடுத்து களி, கஞ்சி, கருவாடு என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றையும் எழுதினேன். அவர் பக்கத்தில் நின்ற, காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸர் ஆசீர்வாதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது.

அப்போது என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுரங்கத்துக்குள் மரத்தூண் நிறுத்தும் வேலை அவருக்கு. எனக்குப் பிள்ளைகள் இல்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலைக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்காக, அந்த வேலையைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி

பிளேக் வந்த மார்கழி அது. பெங்களூர்ப் பக்கமிருந்து வந்தது என்றார்கள், ரயிலில் வந்தது என்றார்கள். கம்பெனி கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எலிகள் செத்து விழ ஆரம்பித்ததும் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு வட ஆற்காட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நோய் கண்ட வீட்டாரைக் கேம்ப்புக்குக் கொண்டுபோவார்கள். லைனுக்கு வெளியே பொட்டலில் கட்டிய தட்டிக் கொட்டகைகள்தான் கேம்ப். நோயாளிகளுக்கு ஒரு பக்கம், கூட இருந்தவர்களுக்கு ஒரு பக்கம், நடுவில் ஒரு கயிறு. செத்தவர்களைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுவார்கள், சொந்தக்காரரைக் கிட்டே விடமாட்டார்கள். அதனால் "வூட்ல யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்டால் ஒருவரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். ஆண்கள் யாரும் உள்ளே நுழைந்து பெண்களைப் பார்க்கவும் முடியாது.

அதற்குத்தான் டாக்டர் வேறு கேள்வி கண்டுபிடித்தார். காலையில் என்ன சமைத்தார்கள் என்று மட்டும் கேள் என்றார். காய்ச்சல்காரனுக்கு முதலில் போவது பசிதான் என்பது அவர் கணக்கு. எனக்கு முன்னால் ஒருவர் இந்த வேலையைச் செய்திருக்கிறார். அவர் கூழ், களி, கஞ்சி எல்லாவற்றையும் 'பாரிட்ஜ்' என்றே எழுதிக்கொண்டு வந்தாராம். டாக்டருக்கு மகா கோபம்.

"அர்த்தம் வேணாம். அவங்க வாய்ல வர்றது, அதான் எழுது. கஞ்சி வேற, களி வேற."

வேறுதான். எங்கள் லைனில் கேழ்வரகுதான் சாப்பாடு. ஷிப்டுக்குப் போகிறவன் களி தின்பான், இல்லாவிட்டால் கூழ் குடிப்பான். அரிசிக் கஞ்சி வைத்தார்கள் என்றால் அந்த வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துரைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஆசீர்வாதம் அண்ணன்தான்.

புகை

ஆசீர்வாதம் அண்ணன் இன்னொரு வழியும் வைத்திருந்தார். காலைச் சங்கு ஊதி ஆண்கள் ஷிப்டுக்குப் போன பிறகு, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் குவித்த சயனைடு மண் மேட்டின் மேல் என்னை ஏற்றி நிறுத்துவார். பனியில் லைன் வீடுகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை கசியும்.

"எந்த வூட்ல புகை இல்லன்னு பாரு தங்கச்சி. அங்கதான் மொதல்ல போவணும்."

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்துவானாலும் எங்கள் சபையாரானாலும் அது ஒன்றுதான். சாவை மறைக்கிறவள்கூட அந்த அடுப்பைப் பற்றவைக்கமாட்டாள், அதற்குக் கை வராது. நாங்கள் அதை முழுதாக நம்பினோம். அந்த மாதம் புகை இல்லாத கூரைகளைப் பார்த்துப் போய் ஐந்தாறு பிணங்களைக் கண்டுபிடித்தோம்.

ஆனால் நாங்கள் மேட்டில் நின்று பார்ப்பதை லைனிலிருந்தவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

குப்பம்மாவின் கருவாடு

ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த லைனில் குப்பம்மா என்று ஒருத்தி. அவள் புருஷன் பெருமாள் சுரங்கத்தில் டிராலி தள்ளுகிறவன். அடுத்த வீட்டில் சின்னபாப்பா. கணவன் ஊருக்கு ஓடிப்போய்விட, தனியாக இருந்தவள். வாய்க்காரி, லைனே அவள் பேச்சுக்குச் சிரிக்கும்.

ஒரு நாள் குப்பம்மா கரண்டியோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"காலைல இன்னா ஆக்கினீங்க?" என்றேன்.

"களி. கருவாடு வறுத்தேன்."

"உங்க வூட்டுக்காரரு?"

"ஷிப்டுக்குப் போய்ட்டாரு."

வாடை தெருவரைக்கும் வந்தது. கூரையில் நல்ல புகை. எழுதிக்கொண்டு நகர்ந்தேன். சின்னபாப்பா தன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரி அம்மா, என் வூட்ல வெறும் கூழுதான், நல்லா எழுதிக்கோங்க. குப்பம்மா வூட்லதான் விடிஞ்சா கருவாடு. பெருமாளு மேஸ்திரி ஆய்ட்டாரோ இன்னாவோ! ஏண்டி, தலையாவது எனக்குத் தரக் கூடாதா?"

குப்பம்மா சிரிக்கவில்லை. "போடி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளும் அதே புகை, அதே கருவாடு, அதே பதில். ஷிப்டில் பெருமாள் இருக்கிறானா என்று யாரும் தேடவில்லை. பாதி ஆட்கள் ஓடிப்போன சமயம், மேஸ்திரி எத்தனை பேரைத்தான் தேடுவார்?

திரும்பும்போது குழாயடியில் ராத்திரி ஷிப்டு முடிந்த ஆண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போகக் கூசி, வீடுகளின் பின்பக்கமாக நடந்தேன். குப்பம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைக்குழியில் ஒரு நாய் தின்றுகொண்டிருந்தது. கிட்டே போனபோதுதான் பார்த்தேன். இரண்டு களி உருண்டைகள், ஆவி பறந்துகொண்டிருந்தது. மேலே வறுத்த கருவாடு, மனுஷர் வாய் படாதது.

சுடச்சுடக் களியைக் கொட்டுகிற வீடு எங்கள் லைனில் கிடையாது.

நான் பின் தட்டியைத் தள்ளினேன். உள்ளே அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அடுப்புக்கு இந்தப் பக்கம் குப்பம்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் போர்வை போர்த்தி ஒரு உடம்பு கிடந்தது. கருவாட்டு வாடையையும் மீறி இன்னொரு வாடை வந்தது.

"எப்ப?" என்றேன்.

"முந்தா நேத்து ராத்திரி."

"அடுப்ப எப்படிம்மா பத்த வெச்ச?"

"பத்த வெக்கலன்னா நீங்க வந்துருப்பீங்களே." குரலில் அழுகையே இல்லை. "அவுரு தம்பி வரணும். குடியாத்தத்துக்கு ஆளு அனுப்பியிருக்கேன். நாளைக்குக் காலைல ரயிலுக்கு வந்துடுவாரு. புள்ள இல்லாத மனுசன் அம்மா. ஒரு பிடி மண்ணு கூடப் பொறந்தவன் கையால விழணும். அது போதும். அப்புறம் என்னை எந்தக் கொட்டாயில வேணும்னாலும் போடுங்க."

தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னபாப்பா முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே தட்டிதான் இரண்டு வீட்டுக்கும். கூரைக்கழியில் ஓடும் எலிக்கு அது சுவரே இல்லை.

"நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்க முடியாது குப்பம்மா. நான் சொல்லித்தான் ஆவணும்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "உங்களுக்குத் தெரியாதா அம்மா? உங்க வூட்டுக்காரர யாரு எடுத்தா?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரரை என் கூடப் பிறந்த அண்ணன்தான் எடுத்து அடக்கம் செய்தார். என் கண் முன்னால் எடுத்தார். நான் வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

ஒரு மூலை

டாக்டர் துரையிடம் அதுவரை நான் "எஸ் சார்" தவிர ஒன்றும் பேசியதில்லை. அன்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அறையை விட்டுப் போகாமல் நின்றேன்.

"இன்னா?" என்றார்.

"பெருமாளின் தம்பி நாளைக்குக் காலை ரயிலில் வருகிறான். அதுவரை பிண வண்டி அனுப்ப வேண்டாம், சார்."

"நோ. வண்டி இன்னிக்கு."

நான் அப்படியே நின்றேன். ஆசீர்வாதம் அண்ணன் என் புடவை முனையைப் பிடித்து இழுக்காத குறைதான். ஆனாலும் சொன்னேன்: "அப்படின்னா குழியை முழுதாக மூடாமல் வையுங்கள், சார். சுண்ணாம்பு போடுங்கள், மண்ணும் போடுங்கள். ஒரு மூலை மட்டும் பாக்கி வையுங்கள்."

டாக்டர் பேனாவை எடுத்து ஒரு சீட்டு எழுதினார். பிறகு, "ஒரு மூலை. காலைல ரயில் வரைக்கும்தான்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "ரெண்டு மாசமா ஊமைன்னு நெனச்சிருந்தேன் தங்கச்சி. பேசினா இப்டிப் பேசுறியே, என் வேலையும் சேத்துப் போயிருக்கும்."

அன்று மதியமே பெருமாளைக் கொண்டுபோனார்கள். குப்பம்மாவைக் கேம்ப்புக்கு அனுப்பினார்கள், உள்ளே வெயில் படட்டும் என்று அவள் வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள். சின்னபாப்பா தன் வாசலில் நின்றாள். "கருவாடு கேட்டேனே, பாவி நான் கருவாடு கேட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியலில் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலிலிருந்து பத்துப் பேர் இறங்கியிருந்தால் அதிகம். அவர்களில் குடியாத்தத்தான் ஒருவனும் இல்லை. மூட்டை தூக்குகிற ஒரு ஆள் சொன்னான்: "அந்தப் பக்கத்து ஆளுங்கள எல்லாம் ஜங்ஷன்லயே எறக்கிட்டாங்கம்மா. கொட்டாயில வெச்சு பத்து நாளு பாத்துட்டுதான் வுடுவாங்களாம்."

தம்பி கிளம்பித்தான் வந்திருக்கிறான். எட்ட முடியாத தூரத்தில் அடைபட்டுக் கிடந்தான்.

அப்படியே கேம்ப்புக்கு நடந்தேன். குழியடியில் குப்பம்மாவை ஆசீர்வாதம் அண்ணனோடு நிறுத்தியிருந்தார்கள், டாக்டரின் அனுமதி அவ்வளவுதான். என்னைத் தனியாகப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மண்வெட்டி வைத்திருந்த ஆட்கள் இருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன், "எம்மாம் நேரம் அண்ணே, இன்னும் மூணு பொணம் கெடக்குது" என்றான்.

குப்பம்மா குனிந்து ஒரு பிடி மண் எடுத்தாள்.

"பொம்பள போடக் கூடாதும்மா" என்றான் மற்றவன். கெடுதலாகச் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொன்னான்.

ஆசீர்வாதம் அண்ணன், "போடட்டும் வுடுறா" என்றார்.

அவள் போட்டாள். முதல் பிடி தம்பிக்காக என்றாள். மறுபடியும் குனிந்து இரண்டாவது பிடியையும் எடுத்துப் போட்டாள்.

யாருக்கு

கேம்ப்பில் அவரவர் மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொள்ள வேண்டும், கேழ்வரகும் அரிசியும் கம்பெனி கொடுக்கும். காலையில் அங்கேயும் நான் அதே கேள்வியோடு போவேன். மறுநாள் குப்பம்மாவின் கற்கள் ஜில்லென்று கிடந்தன.

"இன்னிக்கு அடுப்பு இல்ல அம்மா. அன்னிக்கே எரியக் கூடாத அடுப்பு. இப்பவாச்சும் அணைஞ்சு கெடக்கட்டும்" என்றாள்.

பக்கத்துக் கொட்டகைக்காரி ஒருத்தி அவளுக்குக் கூழ் கொண்டுவந்து வைத்திருந்தாள். நான் கூழ் என்று எழுதிக்கொண்டேன். அன்று அவள் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அந்த வாரக் கடைசியில் மண் மேட்டில் நின்றபோது, சின்னபாப்பாவின் கூரையில் புகை வரவில்லை. போய்ப் பார்த்தோம். கண் சிவந்து, அக்குளில் கட்டியோடு கிடந்தாள். என்னைப் பார்த்து, "கூழுகூட இல்ல, இன்னிக்கு எழுத ஒண்ணும் இல்ல" என்றாள். பெருமாளை மறைத்து வைத்திருந்த அந்த இரண்டு நாள் இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு வந்திருக்காதா? டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். எனக்கும் தெரியாது.

அவளைக் கேம்ப்பில் நோயாளிகள் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

மறுநாள் காலை நான் போனபோது குப்பம்மாவின் மூன்று கற்களுக்கு நடுவே நெருப்பு எரிந்தது. பெருமாளுக்குக் காரியம் ஆக இன்னும் நாள் இருந்தது, அதுவரை அவள் அடுப்பு மூட்டக் கூடாது. சட்டியில் ஏதோ கொதித்தது.

"காலைல இன்னா ஆக்கினீங்க?" என்றேன்.

"கஞ்சி."

எழுதப் போன கை நின்றுவிட்டது. அவள் நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை. அதுவரை யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"யாருக்கு?"

அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "அவளுக்குத்தான். வேற யாரு இருக்கா அவளுக்கு? நீங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும், என்னை வுடமாட்டாங்க."

கொண்டுபோனேன். சின்னபாப்பா இரண்டு வாய் குடித்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள், சொன்னேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை. மறுநாள் மாலை அவள் போய்விட்டாள். அவள் அடுப்பு அதற்கு முன்னாலேயே அணைந்திருந்ததால், அணைக்க ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ காலைகளில் எத்தனையோ வாசல்களில் நின்றிருக்கிறேன். புதிதாக வந்திருக்கும் நீங்கள் புகையைப் பாருங்கள், என்ன ஆக்கினீர்கள் என்று கேளுங்கள், வாயில் வருவதை அப்படியே எழுதுங்கள். அதோடு கிளம்பிவிடாதீர்கள். யாருக்கு என்றும் கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை வாசலில் நில்லுங்கள்.