அவர் திரும்பிய வேகம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பகுதியில் ஆளுக்கொரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் படம் காட்டப் போவதாகச் சொன்னார். பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்காச் செட்டிக்காரர், அரசாங்கக் குமாஸ்தா. வீட்டில் பேசுவது மலாய். மாரியம்மனிடம் வேண்டிக்கொள்வதும் மலாயில்தான், அம்மனுக்கும் அது பழகியிருக்கும். சம்பளத்தில் பாதி சினிமா கேமராவுக்கும் மீதி பிலிமுக்கும் போகிறது என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வார்.

அவரிடம் இரண்டு வகைச் சுருள்கள் இருந்தன. பழைய கேமராவில் எடுத்தவை கோயில் திருவிழா, தெரு, அக்கம்பக்கத்து மனிதர்கள். புதிய கேமராவில் எடுத்தது சுதந்திர நாளை அறிவித்த பண்டார் ஹிலிர் திடல் கூட்டம். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் டவுனில் ஒரு போட்டோக் கடையில் வேலை செய்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என் பிறவிக் குணம். ஒட்டித் தருகிறேன் என்றேன்.

ஒட்டியதை ஒரு கிளப்பின் பேசும்பட மெஷினில் போட்டுப் பார்த்தோம். திடலில் ஜனங்கள் ஜனங்களைப் போலவே நடந்தார்கள். பழைய சுருள் வந்ததும் கூத்து ஆரம்பமானது. தேர் பிரேக் இல்லாத லோரி போல ஓடியது. பூசாரி கொசு விரட்டுகிற மாதிரி தீபாராதனை காட்டினார். வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குமாஸ்தா மெஷினைக் குறை சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மெஷின் வினாடிக்கு இருபத்துநாலு படம் ஓட்டுகிறது. பழைய கேமராவோ அதைவிடக் குறைவாகத்தான் எடுத்திருக்கிறது. ஓடாமல் என்ன செய்யும்?

சிரிக்காத ஒருத்தி இருந்தாள். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் மாமியாரோடு குடியிருந்தவள், மளிகைக் கடைக்கு அரிசி புடைத்துக் கொடுப்பவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன் லோரி ஓட்டியவர். ஒருநாள் காலையில் ஜொகூர் பக்கம் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர் உயிரோடு திரும்பவில்லை. அதே காலையில் குமாஸ்தா தன் வீட்டு வாசலில் நின்று பழைய கேமராவில் புதுப் பிலிமைச் சோதித்துக்கொண்டிருந்தார். அக்கா முற்றத்தில் அரிசி புடைக்கிறாள், புருஷன் அவளைத் தாண்டி வேலிப்படல்வரை வந்து, ஒரு கணம் அவள் பக்கம் திரும்பிவிட்டு வெளியேறுகிறார். படத்தில் அவர் நாய் துரத்தியவர் போல ஓடினார். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் அக்கா என்னைத் தேடி வந்தாள்.

"தம்பி, வரேன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போற மாதிரி நீ என்னத்த செஞ்சன்னு மாமி இன்னும் என்னத்தான் ஏசுறாங்க. படல்கிட்ட திரும்புறாரே, எதுக்குத் திரும்புறாரு?"

நம்மவர்களில் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் போனவர் திரும்பாவிட்டால் வீட்டிலிருப்பவள் பதில் சொல்லியாக வேண்டும். அவர் சொன்னாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்கோ, நேர்மையாகச் சொன்னால், அந்தத் திரும்பலில் என்ன இருக்கிறது என்று அறிகிற அரிப்பு தாங்கவில்லை.

சிங்கப்பூரில் ஒரு லேப் பழைய படத்தைப் பேசும்பட வேகத்துக்கு மாற்றித் தருவதாகத் தெரிந்தது. வினாடிக்குப் பதினாறு எடுத்திருந்தால் ஒன்றுவிட்டு ஒரு படத்தை இரண்டுமுறை அச்சடிப்பார்கள், இரண்டு மூன்றாகிவிடும். பன்னிரண்டு என்றால் எல்லாப் படத்தையும் இரட்டிப்பார்கள். எது என்று கேட்டார்கள். குமாஸ்தா தலையைச் சொறிந்தார். பிலிம் சீக்கிரம் தீரக் கூடாதென்று சில நாள் பன்னிரண்டில் வைப்பாராம். இந்தச் சுருள்களையெல்லாம் ஒரே வேகத்தில்தான் எடுத்தாராம், அது எது என்றுதான் நினைவில்லையாம். தப்பாகச் சொன்னால் ஊரே தண்ணீருக்குள் நடப்பது போல நடக்கும்.

படத்தைப் பார்த்தே வேகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மனிதன் வேகமாகவும் நடப்பான், மெதுவாகவும் நடப்பான், நம்ப முடியாது. சட்டென்று முறம் ஞாபகம் வந்தது. தினமும் அதே அரிசி, அதே முறம், அதே கை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் பின்னறை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினேன். குமாஸ்தாவும் வந்திருந்தார். எங்களிடம் இருந்த ஊமைப்பட மெஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும், எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் முள்ளும் உண்டு. அக்கா திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிஜ முறத்தில் நிஜ அரிசியைப் புடைத்தாள். நான் திருகினேன். மெதுவாக வைத்தபோது திரையில் அரிசி இலவம்பஞ்சாக மிதந்தது. கூட்டியபோது சட்டியில் பொரி வெடித்தது. மெல்ல மெல்ல நகர்த்தியபோது ஓர் இடத்தில் அறைக்குள் கேட்ட முறச் சத்தமும் திரையில் அசைந்த முறமும் ஒன்றாகிவிட்டன.

"இதான்" என்றாள். முள் பதினாறில் நின்றது. குமாஸ்தாவுக்குப் போன உயிர் வந்தது.

அக்கா முள்ளைப் பார்க்கவில்லை. அவர் திரும்பும் இடத்தை மட்டும் இன்னும் மெதுவாக ஓட்டச் சொன்னாள். ரொம்பக் குறைத்தால் விளக்குச் சூட்டில் பிலிம் பொசுங்கும் என்று சொல்லிக்கொண்டே, துணிந்தவரை குறைத்தேன். திரை படபடத்தது. அவர் படல்கிட்டே வருகிறார், முகம் பாதி பின்னால் திரும்புகிறது, பக்கவாட்டில் உதடு அசைகிறது. பின்னால் அக்கா குனிந்து முறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கையிலிருந்த முறத்தை அவள் தரையில் வைத்தாள்.

"சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. மொறச் சத்தத்துல நான்தான் கேக்கல."

உதடு அசைந்தது, அவ்வளவுதான் படத்தில் இருந்தது. இருமியிருக்கலாம், வெற்றிலையை மென்றிருக்கலாம். எதையும் சும்மா விடாத நான் அன்று சுருளைச் சுற்றி டப்பாவில் வைத்தேன்.

குமாஸ்தா இரக்கப்பட்டு, அந்தத் துண்டை மட்டும் மெதுவாக அச்சடிக்கச் சொல்கிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அன்றைக்கு அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ அவ்வளவே இருக்கட்டும் என்றாள்.

கோயில் முற்றத்தில் பொழுது சாய்ந்ததும் படம் போட்டார்கள். தேர் தேராக நகர்ந்தது, யாரும் சிரிக்கவில்லை. பிறகு அந்த முற்றம் வந்தது. ஒரு மனிதர் நடந்து வந்து, திரும்பி, போய்விட்டார். பக்கத்திலிருந்தவர்கள் கவனிப்பதற்குள் முடிந்துவிட்டது. முன்வரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் திரும்பிய அந்த நொடியில், பிந்தாமல், சாதாரணக் குரலில் சொன்னாள்:

"சரி, போய்ட்டு வாங்க."