எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி

கதவுக் கொண்டியை எந்த உயரத்தில் அடிக்க வேண்டும்? குழந்தைக்கு எட்டாத உயரத்திலா, எட்டுகிற உயரத்திலா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். அந்தக் கொண்டியை நானே அடித்து, நானே கழற்றியும் விட்டேன். பதில் மட்டும் இன்னும் தெரியவில்லை.

நாங்கள் இப்போது குடியிருப்பது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சிறிய கேம்பர் ட்ரெய்லரில். இரண்டு சக்கரத்தின் மேல் தகரமும் பிளைவுட்டுமாக ஒரு பெட்டி. உள்ளே ஒரு கட்டில், அடுப்பு வைக்க ஒரு மேடை, கதவை ஒட்டி உட்காருவதற்கு ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். என் கணவரின் அண்ணன் திருச்செந்தூரில் கடை வைத்திருக்கிறார். மணப்பாட்டுக் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று இதைப் பழைய விலைக்கு வாங்கினார். வந்தவர்கள் எல்லாம் லாட்ஜில் தங்கினார்கள். வண்டி அவர் கடைக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது.

தூத்துக்குடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் மழைத்தண்ணீர் ஜன்னல்வரை ஏறி, வடிந்தபோது சுவர் விரிந்துவிட்டது. இடித்துக் கட்டும்வரை யாரும் இருக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்போது அண்ணன்தான், "கொஞ்ச நாளைக்கு இதுல இருங்க" என்று வண்டியை அனுப்பிவைத்தார். உப்பு மூட்டைகளை அடுக்கி வைத்து லாரியில் ஏற்றுகிற கிட்டங்கி ஒன்றில் என் கணவர் மேற்பார்வை வேலை பார்க்கிறார். அந்தக் கிட்டங்கி வளாகத்தின் ஒரு மூலையில் வண்டியை நிறுத்திக்கொண்டோம். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

வண்டியில் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது கதவுதான். சட்டத்தோடு சரியாகப் பொருந்தாது. இடுக்கு வழியாக உப்புத்தூளும், காற்று திரும்புகிற நாளில் துறைமுகத்துக் கரித்தூளும் உள்ளே வரும். சாவிப் பூட்டைக் கடல்காற்று தின்றுவிட்டிருந்தது. ஒருமுறை சரிசெய்து வாங்கினோம், மறுபடியும் இறுகிக்கொண்டது. பகலெல்லாம் நானும் குழந்தையும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பதால், அதை நானே சீர்செய்யத் தொடங்கினேன். கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்த வீடியோக்களில் கதவைத் திறந்தால் புல்வெளி தெரியும், ஒரு நாய் படுத்திருக்கும். எங்கள் கதவைத் திறந்தால் லாரிகள் பின்னோக்கி வந்து திரும்புகிற இடம்.

முதலில் சட்டத்தைச் சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டினேன். தூசி நின்றது. பிறகு, வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க, கதவின் மேல்பாதியில் ஒரு சதுரம் வெட்டி, கல்லெறிந்தாலும் உடையாத தடித்த பிளாஸ்டிக் தகடு பொருத்தினேன். ஒரே ஒரு ஜன்னல், அதற்குக் கம்பிவலை வைத்து, இரும்புப் பட்டையால் இறுக்கினேன். திறந்த கதவு ஆடாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வந்தோம். குழந்தை அதில் தடுக்கி விழுந்தாள் என்று அதை எடுத்துவிட்டு, வண்டியின் பக்கச் சுவரில் காந்தம் வைத்தேன். கதவை முழுக்கத் திறந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். கீல் இரண்டும் வெளிப்பக்கம் இருந்தன. அவற்றின் ஆணிகள் துருப்பிடிக்காமல் இருக்க வாரந்தோறும் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன்.

"வெளியில நிக்கவன் ஆணியத் தட்டி எடுத்தான்னா கதவு கையோட வந்துரும். அதுக்கு ஒரு வெல்டிங் வச்சிருங்க" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"வைக்கேன், வைக்கேன். லோடு முடியட்டும்" என்பார். லோடு முடிவதே இல்லை.

எங்கள் மகளுக்கு மூன்று வயது நிறையவில்லை. கதவின் கைப்பிடியை அழுத்தினால் திறக்கும் என்று அவள் கண்டுபிடித்த அன்று நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை. கிட்டங்கி வாசல் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏளா, நீ பிள்ளையப் பெத்தியா ஆட்டுக்குட்டியப் பெத்தியா? லாரிக்கு அடியில நின்னு டயரத் தடவிக்கிட்டு இருக்கா. டிரைவரு மேல ஏறி உக்காந்தாச்சு. நான் போடுத சத்தத்துல டீ குடிக்க வந்தவன் கிளாஸக் கீழ போட்டுட்டான்."

அன்று மாலையே கிட்டங்கியிலிருந்து டிரில்லிங் மெஷினை வாங்கிவந்து கதவின் உள்பக்கம் கொண்டியைப் பொருத்தினேன். சட்டத்தில் ஒரு இரும்புப் பட்டை, கதவில் அதைத் தாங்க ஒரு கொக்கி. பட்டையை நிமிர்த்தி வைத்தால் நிற்கும். லேசாகத் தட்டினால் தானாகக் கவிழ்ந்து கொக்கியில் உட்கார்ந்துகொள்ளும். கை நிறையப் பாத்திரமோ பிள்ளையோ இருந்தாலும் முழங்கையால் தட்டிவிடலாம் என்றுதான் அந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன். என் நெஞ்சு உயரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன்.

"இன்னும் மேல வையி. அவ வளருவால்லா?" என்றார் கணவர்.

தோள் உயரத்துக்கு மாற்றிக் குறித்தேன்.

மறுநாள் அக்கா வந்து, கதவை மேலும் கீழும் பார்த்தாள். "கடல்ல போற கப்பலுக்கே இம்புட்டுப் பூட்டு கெடையாதுளா. உள்ள முத்தா வச்சிருக்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. படித்து முடித்தபிறகு என் கையால் முழுசாக ஒன்றைச் செய்து முடித்தது அந்தக் கதவுதான்.

அது கச்சான் காற்றுக் காலம். மேற்கிலிருந்து சூடாக, மணலை வாரிக்கொண்டு வரும். நடுப்பகலில் மின்சாரம் போயிருந்தது. ஜன்னலைத் தூசிக்காகச் சாத்தியிருந்தேன், கதவை மட்டும் விரியத் திறந்து காந்தத்தில் ஒட்டியிருந்தேன். குழந்தை கட்டிலில் தூங்கினாள். துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு உடனே வந்துவிடலாம் என்று இறங்கினேன். கொடி வண்டிக்குப் பக்கத்திலேயேதான். கதவு என் கண்ணிலேயேதான் இருந்தது.

காந்தத்தின் முகம் துருவேறிப் பொருக்குத் தட்டியிருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். ஒரு காற்றுக்குக் கதவு அதிலிருந்து பிய்ந்துகொண்டு வந்து அறைந்து சாத்தியது. அந்த அதிர்ச்சிக்கு நிமிர்த்தி வைத்திருந்த கொண்டி கவிழ்ந்தது. 'டக்' என்று அது கொக்கியில் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று புரியாமல் சற்று நின்றேன்.

கைப்பிடியை அழுத்தினேன், இழுத்தேன். கைபேசி உள்ளே. கணவரும் மூட்டை ஏற்றுகிறவர்களும் லோடோடு துறைமுகத்துக்குப் போயிருந்தார்கள். கதவைத் தட்டியதில் குழந்தை விழித்து அழுதாள். மரப்பெட்டியின் மேல் ஏறச் சொன்னேன். ஏறினாள். பிளாஸ்டிக் தகட்டில் அவள் முகம் தெரிந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பெட்டிமேல் நின்றால் கொண்டி அவள் கைக்கு எட்டும். அது பூவைப் போல லேசானது, ஒரு விரலால் மேலே தூக்கினால் போதும்.

"பாப்பா, பக்கத்துல பாரு. அந்தக் கம்பி. அதத் தூக்கு. தூக்குமா" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். இரண்டு கையையும் என்னை நோக்கி நீட்டினாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "தூக்கு, தங்கம், தூக்கு." அவள் இன்னும் உயர நீட்டினாள். குதிகாலை எக்கி நின்றாள். அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் தெரியும். கால் வலித்தால், நாய் வந்தால், தூக்கம் வந்தால் அவள் சொல்வது அந்த ஒரு சொல். அவள் சொன்னால் நான் தூக்குவேன். இப்போது அம்மாவே சொல்கிறாள், கையை நீட்டினால் தூக்கிக்கொள்வாள் என்று நினைத்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். நான் தூக்கவே இல்லை.

'தள்ளு' என்று சொல்லியிருக்கலாம். டீக்கடை மரத்தில் கட்டியிருக்கிற ஊஞ்சலில் உட்கார்ந்து தினமும் அவள் சொல்கிற சொல் அது. இத்தனை வருடம் தமிழில் படித்தவளுக்கு அப்போது அது வரவில்லை. வந்திருந்தால் மேலே தள்ளியிருப்பாளா என்பதும் தெரியாது. கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, அவள் தகட்டிலிருந்து சறுக்கிக் கீழே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு முகம் தெரியவில்லை.

கல்லை எடுத்துத் தகட்டில் அடித்தேன். கல் தெறித்தது. ஜன்னல் கம்பிவலையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. ரப்பர் பட்டைக்குள் நகம் நுழையவில்லை. நான் பார்த்த வேலை அத்தனையும் நன்றாகத்தான் பார்த்திருந்தேன்.

காற்றிரைச்சலில் வெகுநேரம் யாருக்கும் எட்டாத என் சத்தத்துக்குக் கடைசியில் அக்கா ஓடிவந்தாள். "ஏளா, பிள்ள சத்தத்தையே காணமே" என்றாள். அதைக் கேட்டபிறகுதான் உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வராதது எனக்கு உறைத்தது. கண் கீலின்மேல் போனது. வெல்டிங் வைக்காத கீல். எண்ணெயில் பளபளத்த ஆணி.

"அக்கா, ஒரு பெரிய ஆணி கொண்டாங்க. இதக் கீழேருந்து மேல தட்டணும்."

கடையில் படுதா கட்டியிருந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அவள் பிடித்துக்கொள்ள நான் கல்லால் அடித்தேன். இரண்டு அடி அவள் கைமேல் விழுந்தது. "அடி, நீ அடி" என்றாள். எண்ணெய் விட்ட ஆணிகள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. கதவைக் கீல் பக்கமாகப் பிய்த்தோம். உள்ளேயிருந்து வந்த சூடு அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது.

அவளைத் தூக்கினேன். உடம்பு கொதித்தது, தலை தொங்கியது. ஆட்டோவில் போகும்போதே வலிப்பு வெட்டு வந்து கை கால் இழுத்தது. அக்கா தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அவள்மேல் போட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த என் கணவர் முதலில் கேட்டது, "கொண்டிய யாரு போட்டா?" என்பதுதான். என்னால் "காத்து" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் மேல வைக்கச் சொன்னேன்" என்றார். ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். வெல்டிங்கைப் பற்றி இன்றுவரை நாங்கள் இருவருமே பேசவில்லை.

குழந்தை பிழைத்துவிட்டாள். வெட்டு மறுபடி வராமல் இருக்க மருந்து கொடுக்கிறோம். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், டீக்கடை அக்காவைக் கண்டால் வடை கேட்கிறாள். ஆனால் என்னிடம் 'தூக்கு' என்று கேட்பதில்லை. கால் வலித்தால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். நான் குனிந்து கையை நீட்டினால் என் கையைப் பார்ப்பதில்லை, எனக்குப் பின்னால் இருக்கிற கதவைப் பார்க்கிறாள். எல்லாம் போகப்போகச் சரியாகும் என்கிறார் மருத்துவர். இருக்கலாம்.

கொண்டியைக் கழற்றிவிட்டேன். திருகாணி இருந்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. நேற்று அவள் கைப்பிடியை அழுத்தித் திறந்துகொண்டு மறுபடியும் இறங்கிப் போனாள். லாரியின் ஹாரன் கேட்டு ஓடினேன். டிரைவர் இறங்கி நின்றுகொண்டிருந்தார். "அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் சக்கரத்துக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

"திருப்பி மாட்டிரு. ஒரு ஓட்ட போட்டுக் கயித்த வெளிய விட்டுருவோம். இழுத்தா கொண்டி தூக்கிக்கிடும்" என்கிறார் கணவர்.

"நீங்க சில நாள் ராத்திரியும் லோடோட போயிருதிய. வெளிய கயிறு தொங்குனா யாரு வேணாலும் இழுப்பான்லா?" என்றேன். மாட்டினாலும் பயம், மாட்டாவிட்டாலும் பயம். டிரில்லிங் மெஷினை வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். அது அங்கே கிடக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி வண்டியிலோ தகரக் கொட்டகையிலோ சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் கதவுக்கு என்ன போட்டீர்கள், எந்த உயரத்தில் போட்டீர்கள், வெளியிலிருந்து உங்களால் மட்டும் திறக்க என்ன வழி செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஓட்டைகளை அடைக்காமல் வைத்திருக்கிறேன். கூடவே இன்னொன்றையும் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். பயந்து ஒரு சொல்லை விட்டுவிட்ட பிள்ளைக்கு அதைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதா, இல்லை அதுவாக வரும்வரை கேட்காமலே தூக்கிக்கொண்டிருப்பதா?