பாத்திரக்கடை தாணுமாலயனும் மாளுவும்

என் அப்பா தாணுமாலயன் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் முப்பத்தெட்டு வருடம் விற்பனையாளராக இருந்தார். பத்தொன்பது வயதில் சுசீந்திரத்திலிருந்து வந்தவர். வெண்கல உருளியை விரல் முட்டியால் சுண்டி, கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். தவறியதில்லை. வீட்டிலும் அதே கைதான். தாம்பாளத்தில் கரண்டியால் அடித்துத்தான் என்னைப் பள்ளிக்கு எழுப்புவார். சோறு ஆறியிருந்தால் தட்டைத் தரையில் தள்ளுவார். அது சுழன்று அடங்கும்வரை அம்மாவும் மகளான நானும் அசைய மாட்டோம்.

அம்மா இறந்த அடுத்த வருடம் அவர் நாய் எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அவருக்கு அறுபத்தொன்பது வயது, சர்க்கரை, ஸ்ரீவராகத்தில் இரண்டு அறை வாடகை வீடு. அவர் கேட்கவில்லை.

நாய்கள் காப்பகத்தில் ஆர்ஷா என்ற மலையாளிப் பெண் மாளுவைக் கொடுத்தாள். பழுப்பு நிற நாட்டு நாய், நான்கு வயது இருக்கும். யாரோ வாலில் தகர டப்பாக்களைக் கட்டி விரட்டியிருக்கிறார்கள். வால்நுனி இல்லை.

"அங்கிளே, ஒரு ஸ்டீல் தட்டு விழுந்தா போதும், இவ ஓடிரும். மூணு மாசம் மெல்லெ மெல்லெ போகணும், கேட்டோ" என்றாள்.

முதல் நாளே கெட்டது. அதற்கென்று வாங்கிய கிண்ணத்தை அப்பா பழக்கதோஷத்தில் சுண்டிப் பார்த்தார். மாளு மூத்திரம் விட்டுக்கொண்டே கட்டிலுக்கடியில் ஓடியது. இரண்டு நாள் வெளியே வரவில்லை.

நான் கழக்கூட்டம் என்ற ஊரில் தங்கி, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஞாயிறு போனபோது அடுக்களை வெறுமையாக இருந்தது. எவர்சில்வர், வெண்கலம் எல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் கிடந்தன. குழாய்க்கடியில் பிளாஸ்டிக் வாளி, அதற்குள் துணி.

"குக்கர் எங்கப்பா?"

"விசிலு கேட்டா அவ நடுங்குகா மக்ளே. மண்சட்டி போதும். நீயும் அந்தச் சாவிக்கொத்த மெல்ல வை."

அவருடைய அண்ணன், என் பெரியப்பா ஆறுமுகநயினார், ஊரிலிருந்து வந்து பிளாஸ்டிக் தட்டில் சோறு தின்றார்.

"பாத்திரக்கடைக்காரன் வீட்டுல வாய்ச்சத பாருங்க. இனி நாய்க்கு மெத்தையும் வாங்குவாம்லா."

"வாங்கியாச்சு" என்றார் அப்பா.

ஒருநாள் ஆய்வகத்து ஒலியளவியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். சமையல் நேரத்தில் நாற்பத்தெட்டு டெசிபெல், மெல்லப் பேசும் அளவுதான். நான் வளர்ந்த வீட்டில் அந்த எண்ணுக்கு வாய்ப்பே இல்லை.

மூன்றாம் மாதம் மாளு அவர் பாதத்தில் தலை வைத்துத் தூங்க ஆரம்பித்தது. கால் மரத்துப்போகும், எழ மாட்டார். ஒரு மனிதரால் இவ்வளவு மாற முடியுமென்றால் முன்பே ஏன் மாறவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மார்ச்சில் ஒரு காலையில் மாரடைப்பு. ஆசுபத்திரி சேருமுன் போய்விட்டார்.

அப்பாவின் தெருவில் இப்போதெல்லாம் சாவு விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும், எடுத்துக்கொண்டு போகும். பெரியப்பா விடவில்லை. ஊரிலிருந்து சங்கு ஊதவும் சேகண்டி அடிக்கவும் ஆள் கூட்டி வந்திருந்தார். கனத்த வெண்கலத் தட்டு, மரக்கொட்டாப்புளி. மாளு தாங்காது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். அப்பா கூடத்தில் கிடக்கும்போது நாய் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாளுவைப் பின்னறையில் விட்டுத் தாழ் போட்டேன். அறையைத் திறக்காதீர்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க அந்த வழியாகத்தான் கிணற்றுக்குப் போக வேண்டும். யாரோ திறந்திருக்கிறார்கள். முற்றத்தில் சேகண்டியில் முதல் அடி விழுந்தது. மாளு கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து, அப்பாவைத் தாண்டி, தெருவுக்கு ஓடியது.

"சவத்த நாய் தாண்டிட்டே" என்றாள் ஒரு கிழவி. பெரியப்பா மஞ்சள்தண்ணீர் தெளிக்கச் சொன்னார். சேகண்டி நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ஆர்ஷா போனில் கூப்பிட்டாள். ஈஞ்சக்கல் பைபாஸில் ஓடைப் பாலத்துக்கடியில் மாளு கிடைத்ததாம். முன்னங்கால் ஒடிந்திருந்தது. காப்பகத்துக்குப் போனேன். கம்பிக்கு வெளியே நான் உட்கார்ந்ததும் மாளு மூலைக்கு நகர்ந்துகொண்டது.

"சேச்சி, வீட்டுல இனியும் சடங்கு உண்டோ?"

"பதினாறு இருக்கு."

"அன்னைக்கும் இந்தச் சத்தம் உண்டாகுமோ?"

அங்கிருந்தே பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். சங்கும் சேகண்டியும் இல்லாமல் முடிக்கலாமா என்று கேட்டேன்.

"ஒரு நாய்க்கு வேண்டி எந்தம்பிக்க முறைய விடச் சொல்லுகியா? நாளைக்கு ஊரு என்னைத்தான் கேக்கும். பேசாம கெட."

"சரி பெரியப்பா" என்றேன்.

ஆர்ஷா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினாறு முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போறேன். என்கூட கழக்கூட்டத்துல இருக்கட்டும்."

"வேண்டா சேச்சி. நான் இவள அங்கிளுக்காக்கும் குடுத்தது. அங்கிளு பயந்து, பயந்து இவள பாத்துக்கிட்டது. நீங்க இப்பக்கூடி சரின்னுதானே சொன்னது."

மாளுவைத் திருப்பி ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போட்டேன். மே மாதம் பேயாடு என்ற ஊரில் ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு மாளுவைக் கொடுத்துவிட்டார்கள். முகவரி கேட்டேன். ஆர்ஷா தரவில்லை. தராதது சரி.